செவ்வாய் அம்மனுக்கு, புதன் எங்களுக்கு

குழாய்களை எப்படி அடுக்குவது, இயந்திரத்தை எப்போது துடைப்பது, எந்த நிற மூடி எந்தப் பரிசோதனைக்கு என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். சுவரிலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. அந்தச் சுவரை எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு அரைநாள் எடுக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் முடி நரைக்கும்வரை உதவியாளராக நின்று, ஒரு குழாய்கூட உடைக்காமல் ஓய்வு பெற்றவள். உடைந்தது ஒன்றே ஒன்று. அது பூனையின் வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது முரசுமோட்டைத் தம்பிராசா அண்ணையின் கதை. ஆறுதலாகக் கேளுங்கள். அவசரப்பட்டு ரத்தம் எடுக்கிறவர்களுக்கு நரம்பு பிடிபடாது, அவசரப்பட்டுக் கதை கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

தம்பிராசா அண்ணை வயல் செய்கிறவர். பேரப்பிள்ளை கண்ட வயதிலும் நெல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கிற உடம்பு. அவருக்கு இருந்த ஒரே வருத்தம், ஒரே நோய், பயம். அவருடைய தமையன் ஈரல் புற்றுநோயில் இறந்தவர். கண்டுபிடித்தபோது எல்லாம் பிந்திவிட்டது. அன்றிலிருந்து இவருக்கு வயிற்றுக்குள் காற்று ஓடினாலும் ஈரல்தான், முழங்கால் நொந்தாலும் ஈரல்தான். ஒருமுறை காய்ச்சல் விட்ட களைப்போடு கிளினிக்குக்கு வந்து தமையனின் கதையையும் சொன்னார். எங்கள் பெரிய டொக்டர் ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். தமையனுக்கு அப்படி வந்திருந்தால் தம்பியைப் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஈரலுக்கு ரத்தம் எடுக்கிற நாள் புதன்கிழமை. அண்ணை நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக வந்தார். பின்னால் அவருடைய மனைவி புவனம் அக்கா, ஒரு பையோடு. ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவர் எங்கள் மிஸ். பளையில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளை, என் மகளின் வயது. சிரிப்பென்றால் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் தருவார்.

"எந்தக் கையிலை எடுத்தா மிஸ் நல்ல முடிவு வரும்?" என்று கேட்டார் அண்ணை.

"எந்தக் கையிலை எடுத்தாலும் ஒரே ஆளின்ரை ரத்தம்தான் ஐயா."

"அப்ப வலக்கையிலை எடுங்கோ. இடக்கை இப்ப கொஞ்ச நாளாய் ராசியில்லை."

முடிவு வந்தது. ராசி வலக்கையிலும் இல்லை.

ஈரல் ரத்தத்தில் நாங்கள் பார்ப்பது நொதியங்களை. மிஸ் எனக்கு விளங்கப்படுத்தியதை நான் என் பாட்டுக்கு இப்படி மனதில் வைத்திருக்கிறேன். நொதியங்கள் ஈரலுக்குள் வேலை செய்கிற ஆட்கள். ஈரல் சுகமாக இருந்தால் பெரும்பாலும் உள்ளேயே நிற்பார்கள். ஈரல் காயப்பட்டால் வேலி பிரிந்த வளவு மாதிரித்தான், வெளியே ரத்தத்தில் வந்து நிற்பார்கள். வெளியே எவ்வளவு கூட்டம் என்று பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். எஸ்.ஜி.ஓ.ரி. என்று ஒருவர், எஸ்.ஜி.பி.ரி. என்று ஒருவர், காமா என்று ஒருவர், அல்கலைன் என்று ஒருவர். எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ரிப்போர்ட்டில் எந்த வரியில் எவர் குடியிருக்கிறார் என்று தெரியும்.

தம்பிராசா அண்ணைக்கு எஸ்.ஜி.ஓ.ரி. இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு. எஸ்.ஜி.பி.ரி.யும் கூட. மற்ற இருவரும் வீட்டோடு இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஈரல் என்று சொன்னால் அடுத்த சொல் கள்ளு. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. வாசலில் வருகிற ஆள் முதல்நாள் குடித்தது கள்ளா சாராயமா என்று கதிரையில் இருக்க முன்னரே சொல்லிவிடுவேன். அடுத்த முறை அண்ணை வந்தபோது பக்கத்தில் போய், பஞ்சு எடுக்கிற மாதிரிக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். கற்பூரமும் திருநீறும்தான் மணந்தது. ஓகோ, மணத்தை மறைக்கத் தெரிந்த பெரிய கள்ளன் என்று நினைத்துக்கொண்டு புவனம் அக்காவைத் தனியே கூப்பிட்டேன்.

"அக்கா, அண்ணை பின்னேரத்திலை எங்கை போறவர்?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்கோ, கோயிலுக்குப் பின்னாலையோ?"

"என்ன கதை கதைக்கிறியள்? அந்த மனிசன் சோடா குடிச்சு ஏவறை விட்டாலே மன்னிப்புக் கேக்கிறவர்."

இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தில் நொதியம் இன்னும் கூடிவிட்டது. பெரிய டொக்டர் அவரை இருத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கோப்பைக் கொடுக்கப் போய்ப் பக்கத்தில் நின்றேன், அதனால் எனக்குத் தெரியும்.

"குடிக்கிறனீரோ?"

"இல்லை ஐயா."

"நாட்டு மருந்து, கசாயம்?"

"இல்லை ஐயா."

"கடுமையான வேலை ஏதும்? மூட்டை தூக்கிறது, மண்வெட்டி பிடிக்கிறது?"

"இல்லை ஐயா. வயல் விதைச்சாச்சு. இப்ப சும்மாதான் இருக்கிறன்."

ஒரு பதிலிலும் பொய் இல்லை. இதை நன்றாக ஞாபகத்தில் வைத்திருங்கள். மனிசர் பொய் சொல்லாமலே எங்களைத் திசை தெரியாத காட்டுக்குள் கொண்டுபோய் விடுவார்கள்.

வயிற்றை ஸ்கான் செய்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வேறொரு ஆளுக்கு அது நல்ல செய்தி. தம்பிராசா அண்ணை என்னிடம் வந்து, "பாத்தியளே தங்கச்சி, ஒளிச்சிருக்குது" என்றார். இன்னொருமுறை ரத்தம் பார்த்துவிட்டு, அப்போதும் கூடித்தான் இருந்தால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி ஈரலில் ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது என்று பெரிய டொக்டர் முடிவெடுத்தார். துண்டு என்ற சொல் காதில் விழுந்ததோடு அண்ணை தன் காரியங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். உழவு இயந்திரத்தை மருமகனிடம் கொடுத்தார். நன்றாகப் பால் கறந்துகொண்டிருந்த மாட்டைத் தங்கைக்குக் கொடுத்தார். பிறகு கிளிநொச்சி நகரத்து ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தார். யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய படம் போட்டுக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடித்துக் கொடுப்போமல்லவா, அதற்கு. இரண்டு படத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, உள்ளதைச் சொல்லுங்கோ. எது நல்லாயிருக்கு? சால்வையோடையோ, சால்வை இல்லாமலோ?"

"அண்ணை, இது ரத்தம் பாக்கிற இடம்."

"அதுதான் கேக்கிறன். நீங்கள் உள்ளதைச் சொல்லுற ஆக்கள்."

சால்வையோடு எடுத்தது நன்றாக இருந்தது. கேட்டதற்குச் சொன்னேன். பின்னால் நின்ற புவனம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினால், "சால்வை என்ரை தெரிவு" என்றார். சொல்லிவிட்டு இரண்டு படத்தையும் வாங்கிப் பைக்குள் கவிழ்த்து வைத்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவைப் பார்த்தவர்கள். படம், சால்வை என்று என்ன கதைத்தாலும், அடுத்த புதன்கிழமை அவர்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமையும் வந்தது. காலையில் நான் தரையைக் கண்ணாடி மாதிரித் துடைத்திருந்தேன். அண்ணை கதிரையில் இருந்தார். மிஸ் கையில் பட்டியைக் கட்டினார். ஊசியைப் பார்க்கப் பயந்து அண்ணை தலையை ஒருபக்கம் சரித்தார். காதுக்குள் இருந்து சர்ரென்று மணல் கொட்டியது. நான் துடைத்த தரையில்.

"அண்ணை, இரணைமடுக் குளத்தை வாரிக் காதுக்குள்ளை போட்டுக்கொண்டே வந்தனீங்கள்? இப்பதான் துடைச்சனான்!"

"கோவியாதேங்கோ தங்கச்சி. கோயில் மணல். எவ்வளவு தட்டினாலும் போகுதில்லை."

கோயில் மணலென்றால் தானாக எழும்பிப் போய்விடுமா? நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுக்கத் திரும்பினேன். மிஸ் ஊசியும் கையுமாக அப்படியே நின்றார்.

"கோயில் மணல் எப்பிடி ஐயா காதுக்குள்ளை வரும்?"

கேட்டது அவரிடம். பதில் புவனம் அக்காவிடம் இருந்து வந்தது, பெருமையோடு வந்தது. "பிரதட்டை அடிக்கிறவர் மிஸ். நேத்து அம்மன் கோயில் வெளிவீதி முழுக்க உருண்டவர். கூட உருண்ட இளந்தாரியள் பாதியிலை எழும்பிப் போட்டாங்கள். இவர் விடேல்லை."

"நேற்றோ?"

"ஒவ்வொரு செவ்வாயும். ரத்தம் நல்லாய் வரோணும் எண்டுதானே அம்மனுக்கு நேந்தவர். முதல்தரம் ஒரு சுத்து உருண்டவர். ரத்தத்திலை கூடிப்போச்செண்டு சொன்னியள், அடுத்ததரம் இவர் சுத்தைக் கூட்டினார். நீங்கள் பிறகும் கூடிப்போச்செண்டியள், இவர் பிறகும் கூட்டினார்."

"சேட்டைக் கழட்டுங்கோ ஐயா" என்றார் மிஸ்.

அண்ணை சட்டையைக் கழற்றினார். முதுகு, தோள், முழங்கை எல்லாம் சிராய்ப்பும் கன்றிப்போன கண்டலும். மூட்டை தூக்கிப் பழகிய முதுகு என்றபடியால்தான் ஆள் நடந்து வந்திருக்கிறார். மிஸ் ஊசியைத் தட்டில் வைத்தார், ஸ்ரூலில் இருந்தார், சிரிக்கத் தொடங்கினார். கிராம் கணக்கில்லை, மூட்டைக் கணக்கில். நான் தும்புத்தடியோடு நின்று பார்த்தேன். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மிஸ், ஈரல் வெளியாலை தெரியுதோ?"

பிறகு மிஸ் எங்கள் எல்லோருக்கும் சொன்னார். இந்த எஸ்.ஜி.ஓ.ரி. என்கிற ஆளுக்கு இரண்டு இடத்தில் வேலையாம். ஈரலுக்குள்ளும் இருக்கிறார், தசைக்குள்ளும் இருக்கிறார். எஸ்.ஜி.பி.ரி.யும் கொஞ்சம் அப்படித்தான். ஊர் மணலில் உடம்பைப் போட்டு உருட்டினால் தசை நைந்து, அங்கே இருக்கிற ஆட்களும் ரத்தத்துக்கு வந்துவிடுவார்கள். வீதியில் ஆளைக் கண்டால் எந்த வேலையிலிருந்து வருகிறார் என்று கேட்காமல் ஈரலில் இருந்து என்று முடிவுகட்டக் கூடாது. செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு, புதன்கிழமை எங்களுக்கு. அண்ணை பயப்படப் பயப்பட உருண்டிருக்கிறார், உருள உருள நொதியம் கூடியிருக்கிறது, கூடக் கூட இன்னும் பயந்திருக்கிறார். பெரிய டொக்டரிடம் 'கடுமையான வேலை இல்லை' என்றாரே, அதுவும் உண்மைதான். சாமிக்குச் செய்வதை வேலை என்று யார் சொல்லுவார்கள்? ஆகவே பிள்ளைகளே, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். நேற்று விடிந்ததில் இருந்து என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மாடு கட்டினது, கோயிலுக்குப் போனது, மச்சானோடு அடிபட்டது எல்லாம் வரட்டும்.

தசைக்கென்று தனியாக ஒரு நொதியம் இருக்கிறது, நெஞ்சுநோவோடு வருகிறவர்களுக்குப் பார்ப்போம். மிஸ் அண்ணையின் ரத்தத்தில் அதையும் பார்த்தார். அது கூரையைப் பிரித்துக்கொண்டு மேலே போய் நின்றது. பெரிய டொக்டர் முடிவைப் பார்த்தார், முதுகையும் பார்த்தார். "யாழ்ப்பாணத்து ஊசி ஓடிப்போகாது. ஒரு மாதம் உருளாமல் இருக்கட்டும், பிறகு பாப்பம்" என்றார். நிதானமான மனிசர்.

ஆனால் தம்பிராசா அண்ணை ஒப்பவில்லை. "நேர்த்திக்கடனை நடுவிலை விடேலாது ஐயா. அம்மனுக்கு என்ன சொல்லுறது? டொக்டர் மறிச்சவர் எண்டோ?"

"சொல்லுமன்."

"டொக்டர் கோவிச்சா மருந்தை மாத்துவார். அம்மன் கோவிச்சா ஆளையே மாத்திப் போடுவா."

வழக்கைத் தீர்த்து வைத்தவர் புவனம் அக்கா. மிச்சச் செவ்வாய்க்கிழமைகளைத் தான் பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். பெண்கள் உருளுவதில்லை, அடியழிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழுந்து கும்பிட்டு எழும்பி, வீதி முழுக்கச் சுற்றிவருவது. உருளுவதற்குக் குறைந்த வேலை இல்லை. அக்கா பருத்த உடம்பு, நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் இருந்தது. "நான் செய்யிறன், நீங்கள் படத்திலை இருக்கிற மாதிரி அசையாமல் இருங்கோ" என்று புருசனுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

மாதம் முடிந்து வந்தார்கள். அண்ணையிடம் ரத்தம் எடுத்த கையோடு மிஸ் அக்காவின் பக்கம் திரும்பினார். நேற்று அடியழித்த உடம்பிலும் நொதியம் கூடியிருந்தால் தான் சொன்னது சரியென்று இன்னும் உறுதியாகும் என்று பெரிய டொக்டரிடம் கேட்டு வைத்திருந்தார்.

"எனக்கேன் பிள்ளை? சீனியை விட்டா எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"குடுமன்" என்றார் அண்ணை. "இவ்வளவு நாளும் என்னைத்தானே குத்தினவை. நீரும் ஒருக்காக் கத்திப் பாரும்."

அக்கா கத்தவில்லை. கையை நீட்டிவிட்டு, கத்தாமல் இருப்பது எப்படி என்று புருசனுக்குப் பாடம் எடுத்தார்.

முடிவு வர மத்தியானம் ஆயிற்று. அண்ணையின் எஸ்.ஜி.ஓ.ரி. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டது. எல்லாம் சரி. ஆள் சுகம். புற்றுநோயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் வெளியே வாங்கில் இருந்தவர்களிடம் போய்ச் சொன்னேன். சொல்லுகிற உரிமை எனக்கில்லைதான், ஆனால் அந்த மணலைக் கூட்டினவள் நான். அண்ணை எழும்பி என் காலில் விழப் பார்த்தார். "உருண்டீங்களெண்டால் தெரியும்" என்றேன். வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. அக்கா பையைத் திறந்து, நல்ல செய்திக்கென்று கட்டிக்கொண்டு வந்த வடையை எடுத்தார்.

"அந்தப் படத்தை இனி என்ன செய்யிறது?" என்று அண்ணை கேட்டார்.

"கலியாணத் தரகரிட்டைக் குடுங்கோ" என்றார் அக்கா. "உருளுற மாப்பிள்ளை எண்டு சொல்லுவம்."

நான் வடையோடு உள்ளே போனேன். மிஸ் வடையைப் பார்க்கவில்லை. அக்காவின் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். எஸ்.ஜி.ஓ.ரி. கூடியிருந்தது. "மிஸ், நீங்கள் சொன்னது சரி!" என்றேன்.

"கீழே பாருங்கோ அன்ரி."

காமாவும் அல்கலைனும் கூடியிருந்தார்கள். நன்றாகக் கூடியிருந்தார்கள். அண்ணை அவ்வளவு உருண்டும் வெளியே வராத ஆட்கள்.

"காமாவுக்குத் தசையிலை வேலை இல்லை" என்றார் மிஸ். குரல் இறங்கிவிட்டது. "இது அடியழிச்சதாலை வராது."

வெளியே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்கா அவசரப்படுத்தினார். அடுத்த கிழமை முரசுமோட்டைப் பக்கம் சிறுபோக அறுவடை தொடங்குகிறது. இப்போது விட்டால் நெல்லைக் காயப்போட்டு, மூட்டை கட்டி, வைக்கோல் ஏற்றி முடியும்வரை இந்தச் சனம் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அதுவும் தனக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிற பெண்சாதி. தானாக வரவே மாட்டார்.

மிஸ், "திருப்பி ஒருக்காச் செய்து பாத்திட்டுச் சொல்லுவம். வீணாப் பயப்படுத்தக் கூடாது" என்றார். அதுவும் நியாயம். அந்த வீட்டில் பயம் என்ன செய்யும் என்று கண்டுவிட்டோமே.

நான் சொன்னேன்: "மிஸ், நீங்கள் திருப்பிச் செய்யுங்கோ. நான் ஆளை மறிக்கிறன். பயப்படுத்தவும் மாட்டன், விடவும் மாட்டன்."

"பொய் சொல்லக் கூடாது அன்ரி."

"நான் ஏன் பொய் சொல்லுறன்? எனக்கு உண்மையே முழுக்கத் தெரியாது."

வெளியே போனேன். அக்கா பையைத் தோளில் மாட்டிவிட்டார். சிரித்துக்கொண்டே மறிக்கலாம் என்றுதான் நினைத்தேன், முகம் வரவில்லை. "அக்கா, உங்கட ரத்தத்திலை ஒண்டு பாக்க வேண்டிக் கிடக்கு. என்னெண்டு எனக்குத் தெரியாது. பெரிய டொக்டர் வாட்டு பாத்திட்டு வாறார். அவரைக் காணாமல் பஸ் ஏறாதேங்கோ" என்றேன்.

அக்கா என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பி, "இஞ்சாருங்கோ, கடையிலை போய் வெத்திலை வாங்கிக்கொண்டு வாங்கோ. நல்ல கொழுந்தாய்ப் பாத்து" என்றார். அண்ணை போனார். அவர் வாசல் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அக்கா திரும்ப வாங்கில் இருந்தார்.

"ஈரலோ?"

"இருக்கலாம். எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சவையிட்டைத்தான் கூட்டிக்கொண்டு போறன்."

அக்கா பையை இறக்கி மடியில் வைத்தார். வடையின் எண்ணெய் பட்ட விரல்களைத் துடைத்தார். ஒரு விரலும் விடாமல் துடைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"இவருக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. சொன்னா இஞ்சையிருந்தே உருளத் துவங்கிடுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது. அக்காதான் தன் முந்தானையைத் தந்தார்.

மிஸ் திருப்பிச் செய்தும் அதே முடிவுதான் வந்தது. பெரிய டொக்டர் அன்றே ஸ்கானுக்கு ஒழுங்கு செய்தார். ஈரலில் கொழுப்புப் படிந்து, காலப்போக்கில் தழும்பு விழுந்திருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய்க்கென்று பார்க்கிற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது நொதியம் இல்லை, எங்களிடம் செய்ய வசதியும் இல்லை. ரத்தத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். அதுவும் கூடித்தான் வந்தது. பெரிய டொக்டர் சொன்னார், நொதியம் மட்டும் கட்டியைக் காட்டித் தராது, எங்கே பார்க்கவேண்டும் என்று கையைத்தான் காட்டும் என்று. கொழும்புக்கு அனுப்பி, வெட்டி எடுக்கலாம் என்று முடிவாயிற்று. கட்டி சின்னது, நேரத்தோடு கண்டது.

ஊருக்குள் கதை பரவியது. "ஈரல் வருத்தமாம். அவா குடிக்கிறவாவோ?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "ஓம், பிளேன் ரீ. களவாய்ச் சீனி போட்டு" என்றாராம் புவனம் அக்கா. நீங்களும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி குடியாத ஆளுக்கும் ஈரல் பழுதாகும். சீனி வருத்தமும் உடற்பருமனும் போதும். என்னுடைய மூக்கை நம்பி ஈரலை அளக்காதீர்கள். மூக்கில் பிழையில்லை, அது பார்க்க வேண்டிய இடம் வேறு.

அண்ணைக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவர் அவர். பெரிய டொக்டர் எதையும் மறைக்காமல், ஆனால் ஆறுதலாகச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டு, "ஒப்பரேசனுக்கு வீட்டாக்கள் ரத்தம் குடுக்க வேண்டி வரலாம். உம்முடைய உடம்பு நல்லாயிருக்கோணும். உருண்டு புண்ணாக்கிக்கொண்டு வந்தா ஒருத்தரும் உம்மட்டை ரத்தம் எடுக்கமாட்டினம்" என்றார். அந்த மனிசர் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, மடியில் இருக்கிற எதையோ சிந்திவிடுவார் போல, அசையாமல் இருந்தார். கொழும்பு வாட்டிலும் அப்படியே இருந்தார் என்று அக்கா பிறகு சொன்னார். மற்ற நோயாளிகள் இவரைத்தான் ஒப்பரேசன் செய்தது என்று நினைத்தார்களாம்.

மாசி மாதத்தில், கொழும்பில் இருந்து வந்த பிறகு முதல் தடவையாக எங்களிடம் ரத்தம் கொடுக்க வந்தார்கள். அக்கா பாதியாக மெலிந்திருந்தார். யாழ்ப்பாணத்து முடிவும் வந்து சேர்ந்த நாளில் மிஸ் இருவரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். எஸ்.ஜி.ஓ.ரி. நல்லது. காமா இறங்கிவிட்டது. அல்கலைன் இறங்கிவிட்டது. புற்றுநோய்க்குப் பார்க்கிறதும் இறங்கிவிட்டது. தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் இன்றைக்கு எல்லாம் நல்லது என்றார்.

அண்ணை தொண்டையைச் செருமினார்.

"அப்ப அந்த நேர்த்தியைச் செய்யலாம்."

"எந்த நேர்த்தி?" என்றார் அக்கா. "உங்களை உருளக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

"நான் உருளுறன் எண்டு நேரேல்லை."

"அப்ப?"

அண்ணை என்னைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நீர் சுகமாய் வந்தா அடியழிப்பீர் எண்டு நேந்தனான்."

பிள்ளைகளே, அந்த ஆஸ்பத்திரியில் நான் நிறையச் சத்தம் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. "கொழும்பிலை வயித்தை வெட்டிக்கொண்டு கிடந்தது நான்! தன்னை உருள விடேல்லை எண்டு என்னை நேந்து விட்டிருக்கிறார்! கேட்டீங்களே தங்கச்சி? கேட்டீங்களே பிள்ளை?" வெளியே வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். அண்ணையோ தலையைக் குனிந்துகொண்டு, திட்டத் திட்ட முகம் மலர்ந்தார். இவ்வளவு சத்தம் போடுகிற உடம்புக்கு இனி என்ன குறை என்று நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

திட்டி முடிய அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். மிஸ் கிளினிக் அட்டையை எடுத்து, அடுத்த ரத்தத்துக்கு வைகாசியில் ஒரு திகதி எழுதினார். எழுதிவிட்டுக் கலண்டரைப் பார்த்தார். அம்மன் கோயிலில் நேர்த்திகளெல்லாம் தீர்க்கிற வைகாசிப் பொங்கல் அதற்கு முதல்நாள். மிஸ் எழுதினதை வெட்டிவிட்டு, வைகாசி முடிந்து ஒரு திகதி எழுதினார்.

"பொங்கல் முடிஞ்சு, உடம்பு நோவெல்லாம் ஆறின பிறகு வாங்கோ. இல்லாட்டி எனக்கு நொதியத்தைப் பாத்து ஒண்டும் விளங்காது. டொக்டரிட்டையும் கேட்டுக்கொண்டு, ஏலுமான அளவுதான் செய்யோணும். ரெண்டு அடி வைச்சாலும் அம்மன் ஏற்பா."

அக்கா அட்டையை வாங்கி, புதிதாக எழுதியிருந்த திகதியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப வைகாசி முடியவும் நான் இருப்பன் எண்டுறியள்."

"இருந்து, ரத்தம் குடுக்க வரோணும்" என்றார் மிஸ்.

அக்கா அட்டையை மடிக்காமல் பைக்குள் வைத்தார். எழும்பிச் சேலையைச் சரிசெய்தார்.

"சரி. அடியழிக்கிறன்."

"நான் குடை பிடிச்சுக்கொண்டு பின்னாலை வாறன்" என்றார் தம்பிராசா அண்ணை.

"முன்னாலை வாங்கோ" என்றார் அக்கா. "எனக்குத் தெரியிற மாதிரி."